யாழ்ப்பாணத்து மென்பொருளும் சோதனை முறையின் வளர்ச்சியும்

1990 மார்ச் 1 இல் பிறந்த ஒருவரின் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில், பிறந்த ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்று இலக்கங்கள் 061. பெண்ணாக இருந்தால் அதோடு 500 கூட்டி 561. 1990 லீப் ஆண்டு அல்ல. நாட்காட்டியைப் பார்த்து எண்ணினால் மார்ச் 1 அறுபதாவது நாள்தான். ஆனால் ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் எந்த ஆண்டானாலும் பெப்ரவரிக்கு 29 நாள். இது தெரியாத புரோகிராமர், அட்டை இலக்கத்திலிருந்து பிறந்த திகதியை எடுக்கும்போது மார்ச் 1 ஐ மார்ச் 2 ஆக்கிவிடுவார். லீப் அல்லாத ஆண்டுகளில் மார்ச் 1 க்குப் பிந்திய நாட்களில் பிறந்த எல்லாருக்கும் ஒரு நாள் பிசகும். ஜனவரியிலும் பெப்ரவரியிலும் பிறந்தவர்களின் இலக்கங்களை மட்டும் கொடுத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே வரும். லீப் ஆண்டில் பிறந்தவர்களின் இலக்கத்தைக் கொடுத்தாலும் வரும். மென்பொருள் வெளியாகி, யாரோ ஒருவரின் காப்புறுதிப் பத்திரத்தில் பிறந்தநாள் மாறி அச்சான பிறகுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும்.

இந்தப் பிழை நிரலில் தெரிந்தாலும் பிறந்த இடம் வேறு. அட்டை இலக்கத்தை எப்படிப் படிப்பது என்று முதல் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவர் சோதிப்பவர், அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை.

மென்பொருள் நிறுவனங்களில் சோதனை முறை எப்படி மேம்பட்டது என்று எழுதுபவர்கள் வழக்கமாகக் கருவிகளையும் தரச் சான்றுகளையும் வரிசைப்படுத்துவார்கள். அவற்றை விடப் பயன்தரும் கேள்வி, வேலையின் எந்தக் கட்டத்தில் சோதிப்பவரை உள்ளே விடுகிறார்கள் என்பது. கடந்த முக்கால் நூற்றாண்டில் அந்தக் கட்டம் கடைசியிலிருந்து முன்னோக்கி நகர்ந்திருக்கிறது, இடையில் சில தடவை பின்வாங்கியும் இருக்கிறது. இந்த வரலாற்றின் பின்பகுதியில் சென்னைக்கும் கொழும்புக்கும் இடம் உண்டு. கடைசியாக வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று யாழ்ப்பாணக் குடாநாடு.

தொடக்கத்தில் சோதிப்பவர் என்று தனியாக ஒருவர் இருக்கவில்லை. எழுதியவரே ஓட்டிப் பார்ப்பார். 1949 இல் கேம்பிரிட்ஜில் அலன் ரியூரிங் வாசித்த சிறு கட்டுரை ஒன்று, நீண்ட நிரலை எழுதியவர் அல்லாத இன்னொருவர் துண்டு துண்டாகச் சரிபார்க்கத்தக்க விதத்தில் அதை எப்படி அமைப்பது என்று ஆராய்ந்தது. பிழை திருத்துவதும் சோதிப்பதும் வேறு வேறு வேலைகள் என்று 1957 இல் சார்ள்ஸ் பேக்கர் பிரித்துக் காட்டினார். 1950களின் இறுதியில், மெர்க்குரி விண்வெளித் திட்டத்துக்காக ஐபிஎம்மில் ஜெரால்ட் வைன்பேர்க் தனியான சோதனைக் குழு ஒன்றை நடத்தினார். 1972 இல் வட கரோலைனாவின் சப்பல் ஹில்லில் பில் ஹெட்செல் கூட்டிய மாநாடு இதை ஒரு தனித்துறையாக்கியது. 1979 இல் கிளென்போர்ட் மயர்ஸ் எழுதிய நூல் நோக்கத்தையே திருப்பிப் போட்டது: நிரல் சரியாக இயங்குகிறது என்று காட்டுவதற்காகச் சோதிப்பவருக்குப் பிழை அகப்படாது, பிழை இருக்கிறது என்று நம்பித் தேடுபவருக்கே அகப்படும் என்பது அவர் வாதம்.

இத்தனையிலும் சோதிப்பவர் நிரல் எழுதி முடிந்த பின்பே வருகிறார். அதை முதலில் உடைத்தவர் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன். நிரலை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே, வடிவமைப்பையும் நிரலையும் சிலர் கூடி இருந்து வரி வரியாக வாசித்துப் பிழை பொறுக்கும் முறையை 1976 இல் வெளியிட்டார். யார் வாசிப்பது, யார் குறிப்பெடுப்பது என்பதெல்லாம் அதில் விதிகளாக இருந்தன. தாமதமாகப் பிடிபடும் பிழை பல மடங்கு செலவு வைக்கும் என்று 1981 இல் பாரி போம் காட்டிய வரைபடம் இன்றும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் திரையில் வருகிறது. அதில் உள்ள மடங்குக் கணக்கின் அடித்தளம் பலவீனமானது என்று லோரன் பொசாவி பின்னாளில் எழுதினார். நூறு மடங்கு என்று அடித்துச் சொல்வது இன்றைக்கு மிகை. முன்னே பிடிப்பது மலிவு என்பதை மட்டும் அனுபவமுள்ள யாரும் மறுப்பதில்லை.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு தலைவலி இருந்தது. மென்பொருள் எழுதித் தரும் ஒப்பந்தக்காரர்களில் யாரை நம்புவது? கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவகத்தில் வட்ஸ் ஹம்ப்ரி தொடங்கிய வேலையிலிருந்து சிஎம்எம் என்ற ஐந்து படி முதிர்ச்சி மாதிரி பிறந்தது. இந்தியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பெங்களூர் மோட்டோரோலா 1990களின் நடுப்பகுதியிலேயே ஐந்தாம் படியை எட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது. சிஎம்எம் சோதனையைப் பற்றி அதிகம் பேசவில்லை என்ற குறை இருந்தது. அதை நிரப்ப, சிக்காகோவிலுள்ள இல்லினோய் தொழினுட்ப நிறுவகத்தின் ஐலின் பேர்ன்ஸ்டைனும் அவருடைய குழுவினரும் 1996 இல் சோதனைக்கென்றே ஐந்து படி கொண்ட டிஎம்எம் மாதிரியை முன்வைத்தார்கள். அதன் வழிவந்த டிஎம்எம்ஐ 2005 முதல் தனி அமைப்பொன்றின் பொறுப்பில் இருக்கிறது.

இந்த மாதிரிகளின் முதல் இரண்டு படிகளில்தான் பெரும்பாலான நிறுவனங்கள் வாழ்கின்றன. முதற்படி என்றால் ஒழுங்கு இல்லை; நேரம் இருந்தால் சோதிப்பார்கள். இரண்டாம் படியில் திட்டம் உண்டு, எதை எவர் எப்போது சோதிப்பது என்று எழுதி வைத்திருப்பார்கள். மூன்றாம் படியில்தான் சோதனை கடைசிக் கட்டம் என்ற நிலை மாறி, தேவைகளை எழுதும் நாளிலேயே தொடங்குகிறது. ஆயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்குப் படியேற ஆளும் பணமும் இருக்கும். பதினைந்து பேர் உள்ள நிறுவனம் படியேறுவதற்கான பத்திரங்களை நிரப்பத் தொடங்கினால் மென்பொருள் எழுத ஆள் மிஞ்சாது.

சென்னை வேறு வழியில் போனது. ஆண்டை இரண்டு இலக்கத்தில் சேமித்ததால் வந்த 2000 ஆம் ஆண்டுச் சிக்கலுக்காகப் பழைய வங்கி நிரல்களைப் புரட்டிப் பார்த்த அனுபவம் தமிழகத்தில் ஏராளமாகச் சேர்ந்திருந்தது. 1990களின் இறுதியில் தொடங்கிய திங்க்சாப்ட், 2000 இல் தொடங்கிய மேவெரிக் சிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் வங்கித்துறை மென்பொருளைச் சோதிப்பதையே தனித் தொழிலாக்கின. திங்க்சாப்ட் 2009 இல் பங்குச் சந்தைக்கு வந்தது, பின்னர் ஜெர்மனியின் எஸ்கியூஎஸ் அதை வாங்கியது. வட்டிக் கணக்கும் கடன் தவணையும் தெரிந்த வங்கி ஆட்களைச் சோதிப்பவர்களாக எடுத்தது இந்த நிறுவனங்கள் செய்த நல்ல காரியம். கெட்டது என்னவென்றால், சோதிப்பவர் வேறு கட்டடத்துக்கு, வேறு ஊருக்கே போய்விட்டார். முடிந்த சரக்கு வந்து சேர்ந்த பிறகு பார்ப்பதுதான் அவர் வேலை.

இலங்கையில் மென்பொருள் துறை 1990களின் பிற்பகுதியில் கொழும்பில் வேர் பிடித்தது. வேர்டூசா, ஐஎஃப்எஸ், மிலேனியம் ஐரி எல்லாம் அந்த ஆண்டுகளில் அங்கே காலூன்றியவை. சோதனையின் வரலாற்றில் நின்று பார்க்க வேண்டிய கதை, பங்குச் சந்தை மென்பொருள் எழுதிய மிலேனியம் ஐரியினுடையது.

2008 செப்டெம்பர் 8 இல் இலண்டன் பங்குச் சந்தையின் வர்த்தக மென்பொருளான டிரேட்இலெக்ட் முடங்கி, ஏறத்தாழ ஏழு மணி நேரம் வர்த்தகம் நின்றது. அமெரிக்க அரசு ஃபானி மே, பிரெடி மக் ஆகிய வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கையேற்ற செய்திக்கு அடுத்த வேலை நாள் அது. உலகமே வாங்கவும் விற்கவும் துடித்த நேரம். மறு ஆண்டு இலண்டன் பங்குச் சந்தை 30 மில்லியன் டொலர் கொடுத்து மிலேனியம் ஐரியை வாங்கியது. கொழும்புக்கு அருகே மாலபேயில் எழுதப்பட்ட மென்பொருள் இலண்டனின் இதயத்துக்குப் போகப்போகிறது என்று இலங்கைப் பத்திரிகைகள் பெருமையோடு எழுதின. முதலில் 2010 ஒக்டோபரில் டர்க்குவாய்ஸ் என்ற துணைச் சந்தையில் புதிய முறை இறங்கியது. நவம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு தடங்கல். முதன்மைச் சந்தை மாற்றம் தள்ளிப்போய் 2011 பெப்ரவரி 14 இல்தான் நடந்தது. பதினொரு நாளில், பெப்ரவரி 25 காலை, முதன்மைச் சந்தையும் நின்றது. நான்கு மணி நேரத்துக்கும் மேல் வர்த்தகம் இல்லை.

இதை வைத்து மாலபேயில் ஒழுங்காகச் சோதிக்கவில்லை என்று சொல்வது அவசரத் தீர்ப்பு. பங்குச் சந்தை போன்ற ஒரு முறையில் ஒவ்வொரு கூறும் தனித்தனியே தேறிவிடும். சந்தை திறக்கும் அந்தச் சில நிமிடங்களில் எல்லாத் தரகர்களின் கட்டளைகளும் ஒரே வாசலில் குவியும்போது, விலைத் தரவு வெளியே போகும் வேகமும் கட்டளை உள்ளே வரும் வேகமும் ஒன்றோடொன்று இழுபடும்போதுதான் வேறொரு முகம் தெரியும். அதைச் சோதிக்கத் தரகர்களோடு சேர்ந்து வார இறுதிகளில் முழு ஒத்திகை பார்க்க வேண்டும். அப்போதும் திங்கள் காலையின் பதற்றத்தை அப்படியே செய்து காட்ட முடியாது. 2015 இல் இலண்டன் பங்குச் சந்தைக் குழுமம், பங்குச் சந்தை மென்பொருளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட எக்ஸாக்ட்புரோ நிறுவனத்தையும் வாங்கியது. 2018 இல் அதன் நிர்வாகத்தினரே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எழுதுபவரை வாங்கியவர்கள் ஆறு ஆண்டுகளில் சோதிப்பவரையும் வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கொழும்பு இப்படி வளர்ந்த காலத்தில் யாழ்ப்பாணம் என்ன செய்துகொண்டிருந்தது? 1990 இலிருந்து பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்விநியோகமே இல்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் பொருளாதாரத் தடை. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும், 2002 இல் திறந்த ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. போர் முடிந்து, தேசிய மின்கட்டமைப்போடு குடாநாட்டின் சுன்னாகம் இணைந்தது 2013 இல். இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், 2012 இல் தொழினுட்ப ஆர்வலர்களின் அமைப்பான யாழ் ஐரி ஹப் முதல் தடவை யாழ் கீக் சலஞ்ச் போட்டியை நடத்தியபோது யாழ்ப்பாணத்தைச் சிலிக்கன் பள்ளத்தாக்கு ஆக்குவோம் என்று அறிவித்தது துணிச்சல்தான். சற்று அதிகப்படியான துணிச்சல் என்று அப்போது சிரித்தவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முடியாத இளையோருக்காக அதே வட்டத்திலிருந்து ஊக்கி பயிற்சிக்கூடம் பின்னர் தொடங்கியது. சாமுவேல் ஞானம் தகவல் தொழினுட்ப மையம் போன்றவை படிப்புக்கும் வேலைக்கும் இடையிலான தூரத்தைக் குறைக்க முனைகின்றன. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2014 இல் பொறியியல் பீடம் திறந்தது.

குடாநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் சிறியவை. வேலை கொழும்பிலிருந்தோ, புலம்பெயர்ந்த உறவினர் நடத்தும் கம்பனியிலிருந்தோ, நேரே வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்தோ வரும். அங்கே கியூஏ எனப்படும் சோதிக்கும் வேலை பல பிள்ளைகளுக்குத் தொழிலின் முதல் வாசல். புரோகிராமிங் வராவிட்டால் கியூஏ எடு என்று அறிவுரை சொல்லும் அண்ணன்மாரும் அக்காமாரும் இன்னும் இருக்கிறார்கள். இந்த அறிவுரைதான் நிறுவனங்களின் சோதனை முறையைக் கெடுக்கும் முதல் காரணம். ஒதுக்கி வைத்த வேலைக்கு ஒதுக்கி வைத்த ஆள் என்று ஆகிவிட்டால், அவர் குரல் கூட்டத்தில் எடுபடாது. ரிலீஸுக்கு முந்தின மாலை நான்கு மணிக்கு இணைப்பை அனுப்பி, “தங்கச்சி, ஒருக்கா கிளிக் பண்ணிப் பாருங்கோ” என்றால், பார்த்துத்தான் என்ன செய்ய முடியும்?

அப்படிப்பட்ட நிறுவனம் ஒன்று தன் சோதனை முறையைச் சீராக்க எங்கே தொடங்கலாம்? படிப் பத்திரங்களில் தொடங்க வேண்டாம், பிழைப் பதிவிலேயே தொடங்கலாம். “தேடல் வேலை செய்யவில்லை” என்று ஒரு பதிவு வந்தால் டெவலப்பர் தன் கணினியில் ஓட்டிப் பார்த்து, எனக்கு வேலை செய்கிறது என்று மூடிவிடுவார். அதே பதிவு, எந்தக் கையடக்கத் தொலைபேசி, எந்த விசைப்பலகை, என்ன சொல் தட்டச்சானது, என்ன வர வேண்டும், என்ன வந்தது என்று ஐந்து வரியில் இருந்தால் மூட முடியாது. மாதம் ஒருமுறை மூடிய பதிவுகளை எல்லாம் விரித்து வைத்து, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்று குறித்தால், இரண்டு மூன்று மாதத்தில் ஒரு கோலம் தெரியும். பாதிக்கு மேல் தேவைகளைச் சரியாக எழுதாததால் வந்தவை என்று தெரிந்தால், புதிதாக நாலு கியூஏ எடுத்துப் பயன் இல்லை. இருக்கும் ஒருவரைத் தேவைகள் எழுதும் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபேகன் 1976 இல் செய்த காரியத்தின் சிறு வடிவம்தான் இது.

யாழ்ப்பாணத்துச் சோதிப்பவருக்கு வெளியாரை விட நன்றாகத் தெரிந்த ஒரு பகுதி உண்டு. அது தமிழ்த் தரவு.

கோப்பாய் என்ற ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ‘கோ’ வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகளை மாற்றிய கருவி கவனமில்லாமல் எழுதப்பட்டிருந்தால், தரவுத்தளத்தில் இரண்டாவது வகையில் பெயர் கிடக்கும். பயனாளர் தொலைபேசியில் தட்டும் பெயர் முதல் வகையில் போகும். பதிவு கண்ணெதிரே இருக்கும், தேடினால் வராது. கொக்குவில், கோண்டாவில், கொடிகாமம், தொண்டைமானாறு, கிளிநொச்சி என்று வடக்கில் பல ஊர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நெறிப்படுத்தல் வழி யூனிகோடிலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டும் என்று தொடக்கத்தில் ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்ரீ என்ற எழுத்தில் அந்த வழியும் கைகொடுக்காது. அதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ்ரீதரன், ஸ்ரீகாந்தன் என்று பெயர் வைக்கும் ஊரில் இதற்கென்று தனி டெஸ்ட் கேஸ் இல்லாத மென்பொருள் அரைகுறைதான்.

நீளமும் அப்படியே. யாழ்ப்பாணம் நம் கணக்கில் ஆறு எழுத்து. கணினிக்குப் பதினொரு குறியீடு, யூடிஎஃப்-8 இல் 33 பைட். முகவரிப் பெட்டிக்கு ஆங்கிலத்தை மனதில் வைத்து 30 பைட் ஒதுக்கினால் மாவட்டத் தலைநகரின் பெயரே அதற்குள் அடங்காது. ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் எஸ்எம்எஸ், தமிழில் 70 குறியீட்டோடு முடிகிறது. மருத்துவமனை முன்பதிவுச் செய்தி ஒன்று ஆங்கிலத்தில் ஒரு செய்தியாகவும் தமிழில் மூன்று செய்தியாகவும் போனால், அந்தச் செலவு மாதக் கடைசிப் பில்லில்தான் தெரியும். இன்னொன்று பெயர்ப் பெட்டி. நோர்வேயிலோ இங்கிலாந்திலோ வரைந்த படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். அப்பாவின் பெயரை முதலெழுத்தாக மட்டும் வைத்திருக்கும் நம் ஆட்கள் அங்கே ஒரு புள்ளியைப் போட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள். பிறகு கடவுச்சீட்டுப் பெயரோடு அது பொருந்தாது.

அடையாள அட்டைக்கு மறுபடி வருவோம். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்துமாக இருந்த பழைய அட்டையோடு, 2016 முதல் பன்னிரண்டு இலக்க அட்டையும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு வடிவமும் இருக்கலாம். சோதிப்பவர் இதில் எல்லை மதிப்புகளைத்தான் முதலில் தேடுவார்: நாள் இலக்கம் 000, 001, 366, 367, பெண்களுக்கு 500, 501, 866, 867. அதோடு 059, 060, 061. இந்த எண்களை ஒரு தாளில் எழுத ஐந்து நிமிடம் போதும். 2022 யூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டின் உச்சத்தில் தேசிய எரிபொருள் அட்டை அறிமுகமானபோது, நாடு முழுவதும் மக்கள் தங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் கொண்டு பதிவு செய்தார்கள். கியூஆர் முறையைக் கொழும்பில் சில நிரப்பு நிலையங்களில் பரீட்சித்துவிட்டு ஓகஸ்டில் நாடெங்கும் விரித்தார்கள். அத்தனை நெருக்கடியிலும் சிறிதாகத் தொடங்கிப் பார்த்தது சரியான முடிவு.

கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 இல் சிக்காகோவின் தோட்வேர்க்ஸில் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கிய செலீனியம், உலாவியை மனிதக் கையில்லாமல் ஓட்டும் வழியை இலவசமாகத் தந்தது. இன்று பிளேரைட் போன்றவை அதைவிட வேகம். மறுபடி மறுபடி ஓட்ட வேண்டிய ரிக்ரஷன் சோதனையை இவற்றிடம் விடத்தான் வேண்டும். ஆனால் கையால் ஒழுங்காகச் சோதிக்காத நிறுவனம் ஆட்டோமேஷனுக்குப் போனால், ஒழுங்கீனம்தான் வேகமாக ஓடும். இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் நூறு டெஸ்ட் கேஸ் எழுதித் தருகிறது. தேவை ஆவணத்தில் பெப்ரவரி 29 பற்றி ஒரு வரி இல்லாவிட்டால், அது எழுதும் நூறில் அந்த நாள் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

சான்றிதழும் இப்படித்தான். 2002 இல் எடின்பரோவில் தொடங்கிய, சோதிப்பவர்களுக்குச் சான்றிதழ் வழங்கும் ஐஎஸ்ரிகியூபியின் அடிப்படைப் பரீட்சையை யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். ஒரே சொல்லை எல்லாரும் ஒரே பொருளில் பேச அது உதவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் உதவும். கைத்திறன் அதில் வராது. 2009 இல் பெங்களூரில் சில சோதனையாளர்கள் தொடங்கிய வீக்கெண்ட் டெஸ்டிங் அமர்வுகளில், வார இறுதியில் இணையத்தில் கூடி ஏதாவது ஒரு மென்பொருளைச் சேர்ந்து சோதித்துவிட்டு, யார் என்ன யோசித்தார்கள் என்று பேசுவார்கள். கட்டணம் இல்லை, பரீட்சை இல்லை. நல்லூரில் ஒரு மண்டபமும் ஒரு புரொஜெக்டரும் கிடைத்தால் இங்கும் நடத்தலாம்.

குடாநாட்டு நிறுவனங்கள் தனித்தனியே இதைச் சுமக்கத் தேவையில்லை. ஊர்ப்பெயர்களின் இரு வடிவங்கள், ஸ்ரீயின் இரு வடிவங்கள், முதலெழுத்துப் பெயர்கள், எவருக்கும் சொந்தமில்லாத கற்பனை அடையாள அட்டை இலக்கங்கள், பாமினியிலிருந்து மாறிய பழுதான வரிகள் எல்லாவற்றையும் ஒரே சோதனைத் தரவுத் தொகுப்பாக்கித் திறந்த உரிமத்தில் வெளியிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கணினி விஞ்ஞானத் துறை மாணவருக்கு ஓர் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் அளவுதான் இந்த வேலை. யாழ் ஐரி ஹப் போன்ற அமைப்பு அதைப் பராமரிக்கலாம். நிறுவன உரிமையாளர்கள் அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த திட்டத்தின் முதல் கூட்டத்துக்குக் கியூஏ வை அழைத்து, வாடிக்கையாளரோடு பேச விடுங்கள். ரிலீஸை நிறுத்தும் அதிகாரத்தையும் அவரிடமே எழுத்தில் கொடுங்கள்.